முந்தி நனைந்த வீடு

மேலக்கசத்தில் வெள்ளம் வருமுன்பே சுவர்கள் நனையத் தொடங்கியது எந்த வருஷம் என்று கேட்டால் ஊரில் யாரும் நிச்சயமாகச் சொல்லமாட்டார்கள். மலை எப்போது வந்தது என்று கேட்டுவிட்டதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு, அது அப்போதிருந்தே அப்படித்தான் என்பார்கள். மாசானமுத்து வாத்தியாருக்கு மட்டும் அந்த வருஷம் மறக்கவில்லை. அந்த வருஷம்தான் அவருடைய வாக்கு ஊருக்கு முன்னால் பொய்யாய்ப் போனது.

அதுவரை நொச்சியாற்றின் கோபத்தை முந்திச் சொல்கிறவர் அவராகத்தான் இருந்தார். மலையடிவாரத்து ஆறுகளுக்கு ஒரு குணம் உண்டு. ஊரில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும், மொட்டை மாடியில் வற்றல் காய்ந்துகொண்டிருக்கும், துவைக்கிறவர்கள் கல்லில் உட்கார்ந்து ஊர்ப்பாடு பேசிக்கொண்டிருப்பார்கள், அந்த நேரத்தில் மேலே மேகத்துக்குள் மறைந்த முகட்டில் வானம் உடைந்து கொட்டும், ஒரு சினிமா ஓடி முடிகிற நேரத்தில் அந்தத் தண்ணீர் மரத்தையும் பாறையையும் உருட்டிக்கொண்டு சிவப்பாக வந்து நிற்கும். மேல்நிலைப் பள்ளியில் புவியியல் நடத்திய மாசானமுத்து, பள்ளி மைதானத்து மழைமானியைக் காலையில் தானே அளந்தார். மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்த சேவியரிடம் அங்கே எவ்வளவு பெய்தது என்று போனில் கேட்டார். இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டு, கோயில் மைக்கில், பதற்றமில்லாத பாடம் நடத்துகிற குரலில், ஆற்றுக்குள் இருப்பவர்கள் கரையேறவும் என்பார். ஊர் கரையேறும். ஆறும் அவர் சொன்ன நேரத்துக்கு வரும்.

அந்தப் புரட்டாசியில், அம்மன் கோயில் கொடைத் திருவிழாவன்று, மேலே ஓயாமல் கொட்டுகிறது என்று சேவியர் சொன்னான். வாத்தியார் மைக்கைப் பிடித்தார். பொங்கல் பாதி வெந்த பானையோடும், ஆட்டுக்கறி கொதிக்கிற அண்டாவோடும் கொடையை அப்படியே போட்டுவிட்டு ஊர் மொத்தமும் மொட்டைப்பாறையில் ஏறி உட்கார்ந்தது. அம்மனை மட்டும் தனியே விட்டுவிட்டு வந்துவிட்டோமே என்று பெண்கள் அழுதார்கள். காற்று திரும்பி மழையை மலைக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. ஆற்றில் ஒரு முழம்கூட ஏறவில்லை. இறங்கி வந்து பார்த்தபோது நாய்கள் கறியைத் தின்று முடித்து, அம்மன் சன்னதியிலேயே படுத்து உறங்கிக்கொண்டிருந்தன. அதிலிருந்து அவர் தெருவில் போனால், "மழை சார், துணி காயப்போடலாமா?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கிறவர்கள் சிரிக்கமாட்டார்கள். பக்கத்தில் நிற்பவர்கள்தான் சிரிப்பார்கள்.

அடுத்த மாதம் ரேஷன் கடைச் சுவரில் முதல் கோடு விழுந்தது.

இடுப்பளவு உயரத்தில், நூல் பிடித்ததுபோல நான்கு சுவரிலும் ஓடிய ஈரக்கோடு. அதற்குக் கீழே சுவர் முழுக்க நனைந்திருந்தது, தொட்டால் விரலில் ஆற்று மணல் ஒட்டியது, முகர்ந்தால் அழுகிய இலை வாசம் வந்தது. கூரை ஒழுகுகிறதா என்று பார்த்தார்கள், கூரை காய்ந்திருந்தது. தரையும் காய்ந்திருந்தது. கடைக்காரர் அரிசி மூட்டைகளைக் கோட்டுக்கு மேலே அடுக்கியது பூச்சி வராமல் இருக்கத்தானாம். ரெண்டொரு நாளில் பாலத்தில் மரங்கள் அடைத்துக்கொண்டு ஆறு தேங்கி ஊருக்குள் ஏறியது, ரேஷன் கடைக்குள் வந்தது, கோடு வரைக்கும் ஏறி, ஒரு மயிரிழைகூடத் தாண்டாமல், வேலை முடிந்த ஆள்போல நின்றுவிட்டு இறங்கிப் போனது.

பிறகு ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கோடு முந்தி வந்தது. எந்த வீட்டுக்குள் தண்ணீர் வருமோ அந்த வீட்டில், எவ்வளவு வருமோ அவ்வளவில். ஊர் இதைப் பழகிக்கொண்ட விதத்தைப் பார்த்தால், இப்படி ஒன்று வரட்டும் என்று காலம் காலமாகக் காத்திருந்தவர்கள் போலிருந்தது. ஐப்பசி பிறந்தால் காலையில் எழுந்ததும் பெண்கள் முதலில் சுவரைத் தடவிப் பார்த்தார்கள், பிறகுதான் முகம் கழுவினார்கள். குழாயடியில், "உங்க வீட்டுல கோடு இறங்கிருச்சா?" என்பது சாப்பிட்டாச்சா என்பதற்குப் பதிலாக வந்தது. கோடு கணுக்காலளவு என்றால் கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தினார்கள், முழங்காலளவு என்றால் பெட்டிகளைப் பரணில் ஏற்றினார்கள், அதற்கு மேலே என்றால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய், கல்யாணத்துக்கு வந்தவர்கள்போல நல்ல சேலை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். தையல்கார சாகுல் தன் மிஷினைச் சங்கிலி போட்டு உத்தரத்தில் ஏற்றி இறக்க ஒரு ராட்டினம் செய்துகொண்டார். பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடிக்கும் முன் சுவரில் சாய்வதுபோலச் சாய்ந்து முதுகில் ஈரம் படுகிறதா என்று பார்த்தார்கள். கோட்டில் காதை வைத்தால் கூழாங்கல் உருளும் சத்தம் கேட்கிறது என்று பிள்ளைகள் சொன்னார்கள். பெரியவர்களும் யாரும் பார்க்காத நேரத்தில் காதை வைத்துப் பார்த்து, கேட்கத்தான் செய்கிறது என்றார்கள். வெளியூர்களிலிருந்து பொறியாளர்கள் சிலர் ஒரு கருவியோடு வந்து சுவரில் குத்திப் பார்த்துவிட்டு, நிலத்தடி ஈரம் ஏறுகிறது என்று எழுதிக்கொண்டு, மீன் குழம்புச் சாப்பாட்டைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். யாரோ கோட்டுக்குச் சந்தனம் வைத்தார்கள், யாரோ குங்குமம் வைத்தார்கள், அதன் பிறகு அதைப் பற்றிக் கேள்வி கேட்பது நாகரிகமில்லை என்று ஆகிவிட்டது.

மாசானமுத்து மழைமானியை அளப்பதை நிறுத்தவில்லை. ஆனால் மைக்கைத் தொடவில்லை, அவரை யாரும் தொடச் சொல்லவுமில்லை. வெள்ளம் வந்து போனபின் வீடு வீடாகப் போய் ஒன்றாவது தப்பியிருக்கிறதா என்று பார்த்தார். ஒரு வீட்டிலும் தப்பவில்லை. அவருடைய கணக்கு பத்துக்கு ஏழு முறை சரியாக வரும், எட்டு முறை வந்தால் அன்று அவர் இரண்டு தோசை அதிகம் சாப்பிடுவார். சுவர்களோ பத்துக்குப் பத்தும் சொல்லிவிட்டுச் சும்மா நின்றன. அதில் அவருக்கு ஏற்பட்டது வியப்பல்ல, பொறாமை. சுவரைப் பார்த்து ஒரு மனிதன் பொறாமைப்படுவானா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். படுவான் என்றுதான் பதில் வந்தது.

அவருடைய வீட்டில் கோடு விழுந்ததே இல்லை, விழ வழியுமில்லை. ஊருக்கு மேற்கே ஆறு வளைகிற இடத்தில், கரையை ஒட்டித் தனியாக நின்ற வீடு அது. முன்னொரு காலத்தில் ஆறே அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் போனது. பிறகு எந்தக் காலத்திலோ கல் கட்டி, மண் நிரப்பி, ஆற்றை அப்பால் திருப்பினார்கள். ஊரிலேயே உறுதியான கரை அதுதான். கரையைப் பார்த்துத்தான் இடம் வாங்கினார், மாடியிலிருந்து முகடு தெரியும் என்பதற்காகத்தான் வீடு கட்டினார். சுவர் எழும்பும்போது அவர் மனைவி ஆவுடைத்தங்கம் பள்ளிக்கூடச் சாப்பாட்டைக் கொண்டுவந்து கொடுப்பதுபோலத் தினமும் தூக்கில் கஞ்சி கொண்டுவந்து, அவர் குடிப்பதற்குள் ஒவ்வொரு செங்கலுக்கும் தண்ணீர் ஊற்றினாள். எல்லா வெள்ளமும் கீழே பாலத்தடியில் அடைத்து ஊருக்குள் ஏறும். மேற்கே அவர்கள் வீட்டுத் துளசி வாடாமல் நிற்கும்.

பிறகொரு வருஷம், கார்த்திகையில் ஒரு காலை, ஆவுடைத்தங்கம் காபியோடு மாடியேறி வந்து டம்ளரைக் கொடுக்காமல் நின்றாள்.

"என்னட்டி?"

"கீழ வந்து பாருங்க" என்றாள்.

கூடத்தில் நான்கு சுவரிலும், அடுக்களையில், படுக்கையறையில், மகளுடைய கல்யாணப் போட்டோவின் கண்ணாடிமேல்கூட, மார்பளவு உயரத்தில் கோடு ஓடியது. அவர் விரலால் தொட்டார். மணல் ஒட்டியது. ஒருகாலும் அவருக்குப் பொய் சொல்லாத விரல் அது.

ஊரில் வேறு ஒரு வீட்டிலும் கோடு விழவில்லை. பாலத்தடி வீடுகளில் இல்லை, ரேஷன் கடையில் இல்லை, ஒவ்வொரு மழைக்கும் நனைகிற தெற்குத் தெருவில் இல்லை. சேதி பரவியதும் ஊர் தன் நிம்மதியை முகத்தில் காட்டாமல் மறைத்துக்கொள்ளப் பட்ட பாட்டை அவர் பார்த்தார். அன்று மத்தியானத்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் சத்தம் போட்டுப் பேசவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள், கோட்டைப் பார்த்தார்கள், வீட்டைக் கட்டி எத்தனை வருஷமாச்சு என்று கேட்டார்கள், உச்சுக்கொட்டினார்கள். ஊருக்குள்ளிருந்து வந்த லிங்கக்கனி ஒரு தூக்கு நிறைய ரசம் கொண்டுவந்து வைத்துவிட்டு ஆவுடைத்தங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சாகுல் தன் ராட்டினத்தைக் கழற்றித் தருவதாகச் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு ஆவுடைத்தங்கம், "கவனிச்சீங்களா?" என்றாள்.

"எதை?"

"ஒருத்தராவது போயிட்டு வாரேன்னு சொன்னாங்களா? சாவு வீட்டுல எந்திரிச்சுப் போற மாதிரில்லா போறாங்க."

மகள் திருப்பூரிலிருந்து போனில் அழுதாள். ஆவுடைத்தங்கம் பாத்திரங்களை மாடிக்கு ஏற்றத் தொடங்கினாள். அவர் தடுத்தார். "ஏத்தாத. ஏத்தினா அதை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்" என்றார். அவள் கையிலிருந்த இட்லிக் கொப்பரையோடு கொஞ்ச நேரம் படியில் நின்றாள். பிறகு கொப்பரையை மாடியிலும் மூடியைக் கீழேயுமாக வைத்தாள். இரண்டு பேர் சொல்லையும் கேட்டமாதிரி இருக்கட்டும் என்றாள்.

மறுநாள் ஊர்த்தலைவர் சிவனணைந்தான் பத்துப் பதினைந்து பேரோடு வந்தார். வெள்ளை வேட்டியும், டிராக்டர் ஓட்டிக் காய்த்த கையும், யாரையும் புண்படுத்தாமல் பேசுகிற பழக்கமும் கொண்ட மனிதர். மாசானமுத்து அவர்களுக்காகவே காத்திருந்ததுபோல, பழைய கரும்பலகையைச் சுவரில் சாய்த்து வைத்து, மலையை வரைந்தார், ஆற்றை வரைந்தார், பாலத்தை வரைந்தார், வளைவில் கரையைத் தடிமனாக வரைந்து அதன் ஓரத்தில் ஒரு சிறு சதுரம் போட்டார்.

"இது என் வீடு. வெள்ளம் வந்தா பாலத்துல அடைச்சு, ஊரெல்லாம் நிரம்பி, கடைசியாத்தான் இங்க வரணும். ஊருக்குள்ள ஒரு கோடும் இல்ல. அப்போ இந்த வீட்டுக்கு மட்டும் எப்படி வரும்? வானத்துலருந்து யாராவது குடத்துல கொண்டாந்து ஊத்துவாங்களா? நடக்காத காரியம்."

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாடம் புரியாத வகுப்பு என்று நினைத்து அவர் இன்னும் விளக்கினார். அந்த ஒரு நிமிஷத்தை அவர் பின்னாளில் எத்தனையோ முறை திரும்பி எடுத்துப் பார்த்தார். தன் வாய் திறந்ததை, சாக்கட்டி பலகையைத் தொட்டதை, அதன் கிறீச்சொலியை.

"இந்த வளைவுக் கரைய வெட்டிவிட்டா மட்டும்தான் உண்டு. ஆறு பழைய பள்ளத்துல இறங்கி, நேரா இந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சு, அப்படியே கிழக்க குளத்துக்குப் போயிரும். ஊருக்குள்ள ஒரு சொட்டு வராது. வேற வழியே கிடையாது."

சிவனணைந்தான் பலகையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்போ வழி ஒண்ணு இருக்குங்கீங்க" என்றார்.

அவர்கள் எழுந்து போனார்கள். போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை.

மாசானமுத்துவுக்கு அப்போதுதான் புரிந்தது, சுவர் இந்தமுறை சொல்லியிருப்பது மழையைப் பற்றியல்ல என்று. மேகத்தையும் காற்றையும் கணிக்கிற கோடு இது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார். அது தண்ணீர் வருமா என்பதை மட்டும்தான் சொன்னது; எதனால் வரும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. எதனால் என்பதைச் சொல்ல ஒரு வாத்தியார் தேவைப்பட்டிருக்கிறார்.

ஆனாலும் அவருக்கு ஒரு தெம்பு இருந்தது. மேலக்கசத்தில் கரையைத் தொடுவதற்கு ஒரு முறை உண்டு. ஆடியில் கரைக்கு மண் போடுவதானாலும், மடையைத் தூர் வாருவதானாலும், தலைக்கட்டுக்கு ஒரு வெட்டு என்று ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒரு ஆள் வந்து மண்வெட்டியை வாங்கி ஒரே ஒரு வெட்டு வெட்டவேண்டும். ஒரு தலைக்கட்டு குறைந்தாலும் வேலை செல்லாது, கரை தங்காது என்பது ஊர்க்கட்டு. பகையாளியைக்கூடக் கையைக் காலைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து வெட்ட வைப்பார்கள். மாசானமுத்துவும் ஒரு தலைக்கட்டு.

"நீங்க வெட்டாம அவங்க வெட்ட முடியாதுல்லா?" என்று ஆவுடைத்தங்கம் கேட்டாள்.

"முடியாது."

"பிறகு என்ன. பேசாம கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க. இந்த ஒரு தடவை மட்டும் யாருக்கும் எதையும் விளக்காதீங்க."

கரைக்கு வரச் சொல்லி ஆள் வந்த அன்று காலையில் ஊர்மேல் தூறிக்கொண்டிருந்தது, மலையில் மேகம் இறங்கி முகட்டை மூடியிருந்தது. அவர் சேவியருக்குப் போன் போட்டு, ஆவுடைத்தங்கமும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"பதினெட்டு மில்லிமீட்டர் சார்" என்றான் சேவியர். "நேத்து காலையிலருந்து இன்னைக்குக் காலை வரைக்கும் மொத்தமே அவ்வளவுதான். இதெல்லாம் ஒரு மழையா சார், இங்க குடை பிடிக்கக்கூட மாட்டாங்க. கீழ என்ன விசேஷம், கல்யாணமா? பின்னாடி ஒரே கூட்டச் சத்தமா கேக்கு?"

குறைந்தது நூற்றைம்பது மில்லிமீட்டர் பெய்தால்தான் ஆறு பாலத்தைத் தொடும். பதினெட்டு என்பது ஒன்றுமே இல்லை. அவர் அந்த எண்ணை, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதுபோல ஏந்திக்கொண்டு கரைக்குப் போனார்.

ஊர் அங்கே நின்றது. குடையோடும், தலையில் கவிழ்த்த சாக்குக் கொங்காணியோடும், வெறும் தலையோடும் கரை நெடுக நின்றது. வெட்டத் தொடங்கிவிட்டிருந்தார்கள், ஒருவர் வெட்டிவிட்டு மண்வெட்டியை அடுத்தவரிடம் கொடுக்க, அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்க, கரையின் வயிற்றில் ஒரு குழி மெல்ல ஆழமாகிக்கொண்டிருந்தது. கார்த்திகை மாசத்து ஆறு பாதிக் கரை உயரத்துக்கு, கோபமில்லாமல், தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். லிங்கக்கனி தன் குடையை அவர் தலைக்கு மேலே பிடித்தாள்.

"பதினெட்டு மில்லிமீட்டர்" என்றார் மாசானமுத்து. "வெள்ளமே வராது. எந்தத் தெருவுக்கும் வராது. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

"கொடைக்கு அன்னைக்கு எவ்வளவு சொன்னீங்க சார்?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. இந்தமுறை பக்கத்தில் நிற்பவர்கள்கூடச் சிரிக்கவில்லை.

"கோடு விழுந்திருக்கே வாத்தியாரே" என்றார் சிவனணைந்தான். அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. "விழுந்த கோடு என்னைக்காவது பொய்யாப் போயிருக்கா? தண்ணி எப்படியும் வரத்தான் போவுது. உங்க வீட்டுக்குன்னு வந்த தண்ணி, அங்க போக வழியில்லாம நின்னா வேற எங்க போவும்? சொல்லுங்க. கோபப்பட்டு எங்க பாயும்?"

"தண்ணிக்குக் கோபமெல்லாம் கிடையாது."

"என் மக பேறுகாலத்துக்கு வந்திருக்கா சார்" என்றார் சாகுல். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "தெற்குத் தெருவுலதான் இருக்கா. எழுந்து நடக்கக்கூட முடியல."

"வராது பாய். உங்க வீட்டுக்கு வராது."

"உறுதியாச் சொல்லுதீங்களா?"

மாசானமுத்து வாயைத் திறந்தார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லைத்தான் ஊர் கேட்டது, ஒரு சுவர்கூட அதைச் சொல்லிவிடும். ஆனால் முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு வானத்தைப் பற்றி நடத்துகிற மனிதருக்கு அந்தச் சொல் வரவில்லை. மலைக்குள் சேவியரின் மழைமானிக்கு எட்டாத பள்ளத்தாக்கு ஒன்றிரண்டு உண்டு. காற்று திரும்பலாம்; ஒருமுறை திரும்பியிருக்கிறது.

"உறுதின்னு யாராலயும் சொல்ல முடியாது பாய்" என்றார். "வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு."

"குறைவுன்னா, இருக்குங்கீங்க."

"ரொம்பக் குறைவு."

"ஆனா இருக்கு."

தூறல் குடைமேல் விழும் சத்தம் கேட்டது. யாரும் அவரைத் தொடவில்லை, யாரும் அதட்டவில்லை. மண்வெட்டி கைமாறிக் கைமாறி வந்து சிவனணைந்தானிடம் நின்றது. அவர் தன் வெட்டை வெட்டிவிட்டு, காம்பிலிருந்த சேற்றைத் தன் வெள்ளை வேட்டியிலேயே துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"உங்க தலைக்கட்டு ஒண்ணுதான் பாக்கி வாத்தியாரே. நீங்க வேண்டாம்னா இப்படியே போட்டுட்டுப் போயிருதோம். ஊர்க்கட்டை மீறமாட்டோம். பிறகு வர்றது வரட்டும்."

அவர் ஆவுடைத்தங்கத்தைத் தேடினார். அவள் வீட்டு மாடியில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நின்றாள். அவ்வளவு தூரத்திலிருந்து அவள் முகம் தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். தண்ணீர் வராமலும் போகும், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வராமல்தான் போகும். அதற்குப் பிறகும் ஒவ்வொரு மழைக்கும் அவரைப் பார்ப்பார்கள். எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், எந்த மாடு ஆற்றோடு போனாலும், அன்று வெட்டாத வெட்டு என்பார்கள். அது போகட்டும். அந்த மிச்ச ஒரு பங்கு நிஜமாகி, சாகுலின் மகள் எழுந்து நடக்கமுடியாமல் கிடக்கிற கட்டிலுக்குக் கீழே ஆறு நுழைந்தால்? காலையில் தொட்டபோது சுவர் ஈரமாகத்தானே இருந்தது? பதினெட்டு என்பது காதால் கேட்டது. மணல் கையில் ஒட்டியது. எதை நம்புகிறாய் என்று யாரோ கேட்டார்கள். கேட்டது தான்தான் என்று அறிவதற்குள் கை மண்வெட்டியை வாங்கியிருந்தது.

அவர் வெட்டினார். பழக்கமில்லாத கை, ஆழமில்லாத வெட்டு. ஊர் முழுக்கச் சேர்ந்து வெட்டியும் ஈரம் மட்டும் காட்டிக்கொண்டிருந்த குழியில், அந்த ஒரு வெட்டுக்கு, ஒரு குழந்தையின் விரல் தடிமனுக்குத் தண்ணீர் எட்டிப் பார்த்தது. பிறகு கைத்தடிமன் ஆனது. பிறகு எல்லோரும் பின்னால் ஓடினார்கள். பழைய பள்ளம் தன் ஆற்றை அடையாளம் கண்டுகொண்டது. ஆறு துளசிமாடத்தைச் சாய்த்து, முன்வாசலைத் திறக்கிற சிரமமும் இல்லாமல் கழற்றி எடுத்துக்கொண்டு, கூடத்துக்குள் நுழைந்து, மார்பளவு ஏறியது. கோட்டைத் தொட்டது. நின்றது.

ஆவுடைத்தங்கத்தை ஏணி போட்டு மாடியிலிருந்து இறக்கினார்கள். இறங்கும்போது அவள் கையில் இட்லிக் கொப்பரை மட்டும் இருந்தது. மூடி ஆற்றோடு போய்விட்டது.

ஊர் தன்னால் ஆனதையெல்லாம் செய்தது. தெற்குத் தெருவில் வாடகை இல்லாமல் ஒரு வீடு கொடுத்தது. தலைக்கட்டுக்கு ஒரு பாத்திரம் என்று வந்து குவிந்ததில், ஆவுடைத்தங்கத்திடம் ஒன்றுக்கொன்று சேராத மூடிகளும் குடங்களுமாக ஒரு கடையே இருந்தது. சாகுல் அவருக்கு இரண்டு சட்டை தைத்துக் கொடுத்தார். பேரனுக்குப் பெயர் வைக்கும் நாளில் முதல் பந்தியில் உட்கார வைத்தார். கரையை ஆளுக்கொரு வெட்டாக மண்ணும் கல்லும் போட்டு மறுபடி அடைத்தார்கள், அதற்கும் அவர் போய் ஒரு வெட்டு வெட்டினார். அந்தக் கார்த்திகையில் பாலத்தில் தண்ணீர் ஏறவில்லை, மார்கழியிலும் ஏறவில்லை. ஊருக்குள் ஒரு தெருவும் நனையவில்லை.

அதுதான் அவர் வாயை அடைத்துப் போட்டது. வெள்ளம் வராது என்று அவர் சொன்னார், வரவில்லை. அவருடைய வாழ்நாளில் அவ்வளவு சரியான கணிப்பை அவர் சொன்னதில்லை. ஆனால் காய்ந்து கிடந்த ஒவ்வொரு தெருவும், கரையை வெட்டியதுதான் சரி என்பதற்குச் சாட்சியாக நின்றது. பொங்கலன்று பள்ளியில் அவருக்கு மாலை போட்டார்கள். சிவனணைந்தான் மைக்கைப் பிடித்துப் பேசினார்.

"எங்க எல்லாரு வெட்டுக்கும் அசையாத கரை, வாத்தியார் கை பட்டதும் திறந்துச்சு. சொந்த வீட்டைக் கொடுத்து ஊரைக் காப்பாத்துன மனுஷன். இவர் மட்டும் அன்னைக்கு வெட்டலேன்னா, இந்தப் பள்ளிக்கூடமே இன்னைக்குக் கிடையாது."

மாலைக்குள்ளிருந்து மாசானமுத்து, "மழையே இல்லையே அன்னைக்கு" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு கைதட்டினார்கள். தலைக்கட்டுக்கு ஒரு வெட்டு வெட்டியதை ஒவ்வொருவராக மறந்துபோனார்கள். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே மறந்துபோனார்கள். சேவியருக்குப் போன் போட்டால் நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது; மலையேறிப் போய்க் கேட்கலாம் என்று பார்த்தால், அவன் தோட்ட வேலையை விட்டுவிட்டு மகனோடு வால்பாறைப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். வகுப்பில் ஆறாவது பாடம் நடத்தும்போது ஒரு பெண்பிள்ளை எழுந்து, "சார், அன்னைக்கு அவ்வளவு மழையில நீங்க எப்படிப் பயப்படாம நின்னீங்க?" என்று கேட்டது. அவர் பதில் சொல்ல வாயெடுத்து, தன் நினைவிலும் அன்று மழை கொஞ்சம் கூடுதலாகப் பெய்துகொண்டிருப்பதைக் கண்டார். லிங்கக்கனியின் குடைமேல் விழுந்தது தூறலாக இல்லை. மேகம் இன்னும் கறுத்திருந்தது. ஆறு கொஞ்சம் சிவந்திருந்தது. அவர் பாடத்தை நிறுத்திவிட்டு, அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஆவுடைத்தங்கம் அடுக்களை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"ஆவுடை, அன்னைக்குக் காலையில சேவியர் போன்ல எவ்வளவு சொன்னான்? நீயும்தான கேட்டுக்கிட்டிருந்த."

அவள் கை கீரைக் காம்பில் நின்றது. அவள் ஒரு செய்தியையும் மறக்கிறவளில்லை. பால்காரன் எந்த மாதம் எத்தனை நாள் வரவில்லை என்பதை அவளிடம்தான் தெருவே வந்து கேட்கும். அவர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த எண்ணை அவள் சொல்லிவிட்டால், மழையில்லாத நாளில் வீட்டைத் தானே வெட்டிப் போட்டவர் என்று இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கும். ஒருவருக்கு மட்டும் தெரிந்திருப்பதைவிட அது மேல் என்று அவருக்குத் தோன்றியது. மேல்தானா என்றும் தோன்றியது.

"நிறையச் சொன்னாரு" என்றாள் அவள், கீரையைப் பார்த்தபடியே. "இப்படி ஒரு மழைய நான் பார்த்ததே இல்லைன்னு சொன்னாரு. எனக்கு நல்லா ஞாபகமிருக்கு."

அவள் நிமிர்ந்து பார்ப்பாள் என்று அவர் காத்திருந்தார். அவள் பார்க்கவில்லை.

"ஆமா" என்றார் மாசானமுத்து. "நிறையத்தான் சொன்னான்."

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, கிடந்த கொத்தில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அவரும் கீரை உருவத் தொடங்கினார்.